கண் கூசும் ஒளி

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருப்பெரும்புதூர். இராமானுசர் பிறந்த ஊர் என்னும் சிறப்பு அதற்குத் தொன்றுதொட்டு உண்டு. இக்காலத்தில் மோட்டார் வண்டிகள் பிறக்கும் ஊர் என்னும் பெயரும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டில் ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. தெற்கே, ஒரகடத்தில், 2010-இல் ரெனோ-நிசான் கூட்டு ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் இயங்கத் தலைப்பட்டன. ஏரியும் வயலும் புன்செயுமாகக் கிடந்த நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழுந்தன.

இவ்வாலைகள் இரவிலும் உறங்குவதில்லை. ஷிப்டு மாறும் வேளையில் தொழிலாளரை ஏற்றிய பேருந்துகள் வரிசையாகப் புறப்படும். உதிரிப் பாகங்களைச் சுமந்து கன்டெய்னர் லாரிகள் வரும். புதிய கார்களை அடுக்கி ஏற்றிய நீண்ட வண்டிகள் துறைமுகத்தை நோக்கிச் செல்லும். சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து திருப்பெரும்புதூருக்கு வரும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அச்சாலைகளின் ஓரத்தில் பேருந்தினின்று இறங்கி விடுதிக்கு நடக்கும் பெண்களும், மிதிவண்டியில் ஊர் திரும்பும் காவற்காரரும், தேநீர்க் கடையை நாடிச் சாலையைக் கடக்கும் லாரித் தொழிலாளரும் உண்டு. வண்டிகளுக்கு விளக்கு இருக்கிறது; இவர்களுக்கு இல்லை. எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறது என்னும் பேச்சு பெரும்பாலும் ஓட்டுநர்களின் முறையீடாகவே எழுகிறது. அதன் முழு விலையையும் கொடுப்பவர் விளக்கில்லாத இம்மக்களே.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிரொளியினால் ஓட்டுநரின் பார்வை மூன்று வினாடி கெட்டுப்போனால், அதற்குள் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். பள்ளி விளையாட்டு விழாவில் நடைபெறும் நூறு மீட்டர் ஓட்டத்தில் அது பாதித் தூரம். அந்தப் பாதித் தூரத்தையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவரைப் போலவே கடக்கிறார். பார்வை மீண்ட பின்னரும் இடர் உடனே நீங்குவதில்லை. தடையைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்கு அவ்வேகத்தில் சுமார் 80 மீட்டர் வேண்டும் என்பது இந்நாட்டுச் சாலைப் பொறியாளர்களின் கணக்கு.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகள் மிகுதியாக நிகழ்ந்த வேளை மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடைப்பட்டது. அந்நேரத்தில் போக்குவரத்தும் மிகுதி, களைப்பும் மிகுதி; ஆகையால் பழி முழுவதையும் விளக்கின்மேல் சுமத்துதல் முறையன்று. ஆயினும் அதிவேகம் என்றும் கவனக்குறைவு என்றும் ஏட்டில் எழுதப்படும் விபத்துகளுள் சிலவற்றில் கண் கூச்சமும் மறைந்து நிற்கக்கூடும்.

ஒளி மிகுந்தால் பார்வையும் மிகவேண்டும் அன்றோ? மிகாமல் குறைவது ஏன்? அதற்கு விடை கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. கருவிழியின் நடுவே ஒளி நுழையும் வழியாகிய பாவை, பகலில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும்; இருளில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். உட்புறத்தில் விழித்திரை இருக்கிறது. அதில் பகற்காட்சிக்கும் நிறம் அறிவதற்கும் உரிய கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சமும், மங்கிய ஒளியில் உதவும் குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடியும் உள்ளன. குச்சி செல்களில் ரொடாப்சின் என்னும் நிறப்பொருள் உண்டு. கடும் ஒளி பட்டால் அது சிதைந்துவிடும். மீண்டும் முழுமையாக உருவாவதற்கு அரை மணிக்கு மேல் ஆகும். வெயிலிலிருந்து திரைப்படக் கொட்டகைக்குள் நுழைந்தவர் நாற்காலியைத் தடவித் தேடுவதற்குக் காரணம் இதுவே. பாவையோ ஒளி பட்டவுடன் விரைந்து சுருங்கிவிடும். விரிவதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளும். எதிர்வண்டி கடந்து சென்ற பின்னும் சாலை சிறிது நேரம் கறுத்தே தோன்றுவது இதனால்தான்.

இதனினும் பெரிய இடையூறு மற்றொன்று. கண்ணின் முன்தோலும் வில்லையும் கண்ணாடியைப் போன்று முற்றும் தெளிந்தவை அல்ல. அவற்றினூடே வரும் வலிய ஒளியில் ஒரு பகுதி சிதறி, விழித்திரை முழுவதும் வெண்திரையாகப் படர்கிறது. இருண்ட உடை அணிந்து ஓரத்தில் நடப்பவரின் உருவம் அத்திரையின் அடியில் மறைந்துபோகிறது. இதனை 1920-களிலேயே ஹாலடே, ஸ்டைல்ஸ் என்னும் இரு அறிஞர்கள் அளந்து கணக்கிட்டனர். பார்க்கும் பொருளுக்கும் கூசும் விளக்குக்கும் இடையேயுள்ள கோணம் பாதியானால், அத்திரையின் வலிமை நான்கு மடங்காகும் என்பது அவர்கள் கண்ட முறை. ஆகவே விளக்கின் அருகே நிற்பவரே முதலில் மறைகிறார். சாலையின் பாதியைக் கடந்து, நடுவில் நின்று, இருபுறமும் நோக்கும் ஒருவர் தம்மீது இவ்வளவு ஒளி விழுகிறதே, இரண்டு ஓட்டுநரும் தம்மை நன்றாகக் காண்பர் என்று நம்புகிறார். உண்மையில் அவர்களுக்கு அவர் தெரியாமல் போவது அவ்விடத்தில்தான்.

முதுமையில் வில்லை மங்குவதால் சிதறலும் வளரும். எழுபது வயதில் அது இளமையில் இருந்ததைப்போல் இரு மடங்காகிறது. வயது செய்யும் இவ்வேலையைப் புழுதி ஒரே நாளில் செய்துவிடும். சல்லியும் மணலும் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையில், துடைக்கப்படாத முன்கண்ணாடியும், கீறல் விழுந்த ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியும் எதிரொளியை ஆயிரம் கதிர்களாக உடைத்துக் கண்ணுக்கு அனுப்புகின்றன.

இனி, விளக்கின் வரலாற்றை நோக்குவோம். தொடக்கக் காலத்து மோட்டார் வண்டிகளில் கார்பைடு கல்லின்மேல் நீர் சொட்டி, அதனால் எழும் அசெட்டிலின் வாயுவை எரித்தனர். 1912-இல் காடிலாக் கார்களில் மின்சாரத் தொடக்கியும் மின்விளக்கும் ஒருசேர அமைந்தன. ஒளி வளர்ந்தது, அதனோடு எதிரே வருபவரின் துன்பமும் வளர்ந்தது. 1925-இல் ஜெர்மனியில் ஒரே குமிழில் இரண்டு இழைகள் அமைந்த விளக்கு விற்பனைக்கு வந்தது. அதன் அமைப்பு எளிது, ஆயினும் நுட்பமானது. ஒரு மின்னிழை குழியாடியின் குவியத்தில் இருக்கும். அதன் ஒளி நேரே தொலைவுக்குப் பாயும். மற்றோர் இழை குவியத்துக்குச் சற்று முன்னே இருக்கும். அதன் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் நின்று, ஆடியின் கீழ்ப்பாதிக்கு ஒளி செல்லாதவாறு தடுக்கும். கீழ்ப்பாதியில் பட்டிருந்தால் மேல்நோக்கித் திரும்பியிருக்கும் கதிர்கள் இவ்வாறு ஒழிய, மேற்பாதியில் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பும் கதிர்கள் மட்டும் எஞ்சும். ஓட்டுநர்கள் ‘பிரைட்’ என்றும் ‘டிம்’ என்றும் சொல்லும் இரு நிலைகள் இவையே. டிம் என்னும் சொல் ஒளியை மங்கச் செய்தல் என்று பொருள்படினும், உண்மையில் நிகழ்வது மங்குதல் அன்று, தாழ்தலே. இவ்வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த தவறுகள் பல.

இந்தியாவில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஆதலால் இங்குள்ள விளக்கின் தாழ்ந்த கற்றை வலப்புறத்தில், அஃதாவது எதிர்வண்டி வரும் பக்கத்தில், ஒரு கிடைக்கோட்டோடு நின்றுவிடும்; இடப்புறத்தில் மட்டும் சாய்வாக மேலேறி, ஓரத்தில் நடப்பவரையும் வழிகாட்டும் பலகையையும் காட்டும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கு இக்கற்றை கண்ணாடியில் தெரியும் உருவத்தைப்போல் இடவலமாக மாறியிருத்தல் வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஏற்றுமதிக்கென்றும் கார்கள் செய்யப்பட்டமையால், அவ்வாலைகள் இருவகை விளக்குகளையும் பொருத்திப் பழகியவை.

தாழ்த்துவது எவ்வளவு என்பதே அடுத்த வினா. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் வீதம் ஒளியின் மேலெல்லை கீழிறங்குதல் பொதுவான அளவு. விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பின், 50 மீட்டர் தொலைவில் அதன் மேலெல்லை 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடும். எதிரே வருபவரின் கண்ணுக்கு அதனால் தீங்கில்லை. அக்காரின் பின்னிருக்கையில் மூவரை அமர்த்தி, பின்பெட்டியிலும் மூட்டைகளை ஏற்றினால் என்ன ஆகும்? பின்பக்கம் அமிழ, முன்பக்கம் நிமிரும். அந்நிமிர்ச்சி ஒரே ஒரு பாகை என்று கொண்டாலும், 50 மீட்டர் தொலைவில் ஒளியின் எல்லை ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் ஏறி, 107 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சிறு காரை ஓட்டுபவரின் கண்ணும் ஏறக்குறைய அவ்வுயரத்தில்தான் இருக்கிறது! வண்டிக்குள் இருப்பவரோ, டிம்மில்தானே செல்கிறோம் என்று கவலையின்றி இருப்பார். இக்குறையைப் போக்குவதற்கென்றே பல கார்களில், ஓட்டுநரின் கைக்கருகே 0 முதல் 3 வரை எண்கள் இட்ட ஒரு சிறு சக்கரம் அமைக்கப்பட்டுள்ளது. சுமைக்கேற்ப விளக்கைத் தாழ்த்துவது அதன் வேலை. வண்டியை விற்றுவிடும் நாள்வரை அதனைத் தொடாதவர் பலர்.

லாரிகளிலும் உயரமான கார்களிலும் விளக்கே மேலே இருக்கிறது. அவை சட்டத்துக்கு உட்பட்டு ஒளியைத் தாழ்த்தியிருந்தாலும், அருகில் வரும் சிறு காருக்கும் ஸ்கூட்டருக்கும் அது கண்மட்டத்திலேயே விழும்.

இந்நிலையில் புது விளக்குகள் வந்தன. 1962-இல் ஐரோப்பாவில் ஆலசன் விளக்கும், 1991-இல் செனான் விளக்கும், 2007-இல் எல்.இ.டி. முகப்பு விளக்கும் கார்களில் இடம்பெற்றன. நீல ஒளி உமிழும் எல்.இ.டி.யைக் கண்டமைக்காக ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014-இல் நோபெல் பரிசு பெற்றனர். அந்நீல ஒளியின்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைச் சேர்த்தே வெள்ளொளி பெறப்படுகிறது. ஆலசனின் ஒளி சற்று மஞ்சள் படர்ந்தது, எல்.இ.டி.யின் ஒளி நீலம் கலந்த வெண்மை. நீலம் மிகுந்த ஒளி கண்ணுக்குத் தொல்லையாகத் தோன்றுவது உண்மை. மேலும், பழைய விளக்கு ஒரு தட்டின் பரப்பு முழுவதிலிருந்தும் வீசிய ஒளியைப் புதிய விளக்கு ஒரு சிறு வில்லையிலிருந்தே வீசிவிடுகிறது. ஒளி ஒரே அளவாயினும் அது புறப்படும் பரப்பு சுருங்கச் சுருங்க முள்போல் குத்தும். ஆனால் பார்வையைக் கெடுக்கும் வெண்திரை நிறத்தைப் பொறுத்தது அன்று. கண்ணில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதையே பொறுத்தது. தொல்லையும் கேடும் வெவ்வேறு. நீல விளக்கை வெறுப்பவர், கோணம் தவறிய மஞ்சள் விளக்கைப் பொறுத்துக்கொள்வதில் பயனில்லை.

நன்கு அமைந்த எல்.இ.டி. விளக்கின் ஒளியெல்லை கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். சமதரையில் அது நல்லதே. வேகத்தடையின்மேல் வண்டி ஏறி இறங்கும்போதும், பள்ளத்தில் விழுந்து எழும்போதும் அவ்வெல்லை எதிரே வருபவரின் முகத்தில் மின்னலைப்போல் வெட்டிச் செல்லும். அவரோ, எதிராளி வேண்டுமென்றே பிரைட் அடித்தான் என்று சினந்து தாமும் திருப்பி அடிப்பார். சாலையில் எழும் பூசல்கள் பலவற்றுக்கு இத்தகைய பள்ளங்களே காரணம் போலும்.

இதனினும் கொடியது, ஆலசன் குமிழுக்கென்று வடிக்கப்பட்ட குழியாடிக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி. குமிழைச் செருகிக்கொள்ளும் வழக்கம். அவ்வாடி, இழை நிற்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் கொண்டு வடிக்கப்பட்டது. வேறு வடிவமுள்ள ஒளிமூலம் அங்கே அமர்ந்தால் கதிர்கள் நெறி தவறி, மரக்கிளைகளையும் எதிரே வருபவரின் கண்களையும் விளக்குகின்றன. வாங்கியவருக்கு முன்னிலும் வெளிச்சம் கூடியதாகவே தோன்றும்; வண்டியின் அருகிலுள்ள தரை பளிச்சென்று தெரிவதே அம்மயக்கத்துக்குக் காரணம்.

எதிரொளியைத் தடுக்க மக்கள் செய்துபார்த்த வழிகள் பல. தமிழ்நாட்டில் முகப்பு விளக்கின் நடுவே கறுப்பு வட்டம் தீட்டுவதும் ஒட்டுவதும் நெடுங்கால வழக்கம். போலீசாரே சாலையில் வண்டிகளை நிறுத்தி ஒட்டிவிட்டதும் உண்டு. அவ்வட்டம் ஒளியைக் குறைக்குமேயன்றித் தாழ்த்தாது. எதிரே வருபவருக்குக் குறைந்த அளவு ஓரத்தில் நடப்பவர்மேல் விழும் ஒளியும் குறையும். பிரான்சு நாட்டில் 1936 முதல் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் விளக்கே விதிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் 1952-இல், எதிரொளி பட்டவுடன் தானே விளக்கைத் தாழ்த்தும் மின்கண் ஒன்று விற்பனைக்கு வந்தது.

இம்முயற்சிகள் அனைத்தினும் அழகியது எட்வின் லாண்டின் திட்டம். 1920-களின் இறுதியில், ஹார்வர்டில் படிப்பை நிறுத்திவிட்டு வந்த இளைஞர் அவர். ஒளி அலை பல திசைகளிலும் அதிர்வது. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுத்து ஏனையவற்றைத் தடுக்கும் மெல்லிய தாளை அவர் உருவாக்கினார். எல்லா வண்டிகளின் விளக்கிலும், ஓட்டுநரின் கண்முன்னும், இத்தாளை ஒரே சாய்வில் பொருத்த வேண்டும் என்றார். இருவர் எதிரெதிரே நின்று, தத்தம் வலப்புறமாகச் சாய்த்துக் கோலைப் பிடித்தால், அவ்விரு கோல்களும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும். அதுபோலவே எதிர்வண்டியின் ஒளியும் ஓட்டுநரின் முன்னுள்ள தாளுக்குக் குறுக்காகி அணைந்துவிடும். தம் விளக்கின் ஒளியோ சாலையிற் பட்டு மீளும்போது பெரும்பாலும் அத்தாளைக் கடந்து கண்ணை அடையும். குறை கூறுவதற்கு அரிய கருத்து! ஆயினும் அது நடைமுறைக்கு வரவில்லை. தாள் தன் பங்குக்கு ஒளியில் பாதிக்குமேல் விழுங்கிவிடும். அதனினும் பெரிய தடை, எல்லா வண்டிகளும் ஒருங்கே அதனைப் பூண்டாலன்றிப் பயன் இல்லை என்பது. முதலில் வாங்குபவர் தம் வெளிச்சத்தை இழப்பார். ஊதியம் பிறருக்கு, அதுவும் பின்னாளில். தாள் அணியாத கண்ணோடு சாலையோரத்தில் நடப்பவருக்கு அதனால் எக்காலத்தும் உதவி இல்லை. லாண்டின் தாள் பின்னர்க் குளிர்க்கண்ணாடிகளில் பெருவாழ்வு பெற்றது.

இந்நாளில், சிறு சிறு எல்.இ.டி.கள் பலவற்றை வரிசையாக அமைத்து, எதிர்வண்டியைக் கேமராவால் கண்டு, அத்திசைக்குரிய சிலவற்றை மட்டும் அணைக்கும் விளக்குகள் விலையுயர்ந்த கார்களில் வந்துள்ளன. எதிரே வருபவர் ஒரு நிழலுக்குள் செல்வார். ஓரத்தில் நடப்பவர் ஒளியில் இருப்பார். மிதிவண்டியைக் கேமரா எப்போதும் கண்டுகொள்ளும் என்று உறுதி கூற இயலாது, அதற்கு விளக்கில்லையே!

சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 106-ஆம் விதி, விளக்கின் ஒளி எவர் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்பதை அளந்தே கூறுகிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னே, அதன் வலவோரத்திலிருந்து அரை மீட்டர் வலப்புறத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண்ணுள்ள மனிதர் அவர். அவ்வளவுகளோடு நிற்பவர் ஓட்டுநராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. சாலையில் நடந்துவரும் எவரும் ஆகலாம். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளிச் செடி வளர்ப்பதற்கும் எதிரொளியே முதற்காரணம். அரளி நீர் குறைந்தாலும் வாடாது. நஞ்சுடையதாதலால் ஆடுமாடுகள் மேய்வதில்லை. ஆளுயரம் அடர்ந்து நின்று எதிர்த்திசை ஒளியை மறைக்கும். பக்கத்துச் சிற்றூர்க்காரர் குறுக்கே கடப்பதற்காகச் செடியை ஒடித்த இடைவெளிகளில் மட்டும் ஒளி பீறிட்டு வருகிறது. அங்கேதான் மனிதரும் நிற்கின்றனர்.

ஆலையை விட்டு வெளிவருமுன் ஒவ்வொரு வண்டியின் விளக்கும் சரியான கோணத்துக்குத் திருத்தப்படுகிறது. அதன்பின் வில்கள் தளர்கின்றன, குமிழ் மாற்றப்படுகிறது, முன்பக்கம் எங்கேனும் மோதி நிமிர்த்தப்படுகிறது. சரக்கு வண்டிகள் தகுதிச் சான்று பெறச் செல்லும்போதேனும் விளக்கைக் காட்டியாக வேண்டும். சொந்தக் கார் ஒன்று, பதிவு பெற்ற நாள்முதல் 15 ஆண்டுகள் அத்தகைய சோதனைக்குச் செல்லாமலே ஓடலாம்.

அச்சோதனையை வீட்டுச் சுவரிலேயே செய்துவிடலாம். சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் தொலைவில், வழக்கமான சுமையுடன் வண்டியை நிறுத்த வேண்டும். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதற்கு 10 சென்டிமீட்டர் தாழச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தல் வேண்டும். இருட்டிய பின் டிம் விளக்கைப் போட்டால், ஒளியின் மேலெல்லையிலுள்ள கிடைப்பகுதி அக்கோட்டின்மேல் படியவேண்டும். கோட்டுக்கு மேலே ஏறியிருப்பின், விளக்கின் பின்புறத்தில் ஒரு திருகாணி இருக்கும். பட்டறைக்காரர் அதனைச் சிறிது திருப்புவார். சுவரில் ஒளி மெல்லக் கீழே இறங்கும்.